ஊசி போடாமல் மூளை ரத்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ.யில் அளப்பது எப்படி?

ஏ.எஸ்.எல் (ஆர்ட்டீரியல் ஸ்பின் லேபிளிங், அதாவது ரத்தத்துக்கே காந்த அடையாளம் போட்டுப் பார்ப்பது) ஸ்கேன் எடுத்தால் கடைசியில் ஒரு வண்ணப் படம் கிடைக்கும். ரத்தம் அதிகம் பாயும் இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம். அதை அப்படியே ஃபிலிமில் போட்டு அனுப்பிவிடுகிற இடங்கள் நிறைய. என்னைக் கேட்டால் இந்த முறைக்குச் செய்கிற பெரிய அநியாயமே அதுதான், ஏனென்றால் ஊசியும் இல்லாமல் கதிர்வீச்சும் இல்லாமல், 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் ரத்தம் என்று எண்ணாகவே சொல்லக்கூடிய வழி இது. அந்த எண்ணைச் சரிபார்க்காமல் வண்ணத்தை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. அந்த எண்ணை எப்படி வரவழைப்பது, வந்ததை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்கேன் அறையில் நிற்கிற டெக்னீஷியன்கள், ரேடியாலஜி படிக்கிறவர்கள், ஆராய்ச்சிக்கு டேட்டா எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் பயன்படும். டி1, டி.ஆர் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

முக்கிய வழிகள் மூன்று உண்டு. கடோலினியம் ஊசியை வேகமாக ஏற்றி, அது மூளையைக் கடக்கும் சில விநாடிகளில் சிக்னல் விழுந்து எழுவதைப் பார்ப்பது ஒன்று. பக்கவாதத்திலும் கட்டிகளிலும் இதுதான் வழக்கம், சட்டென்று முடியும், ஆனால் பெரும்பாலும் கிடைப்பது வலதைவிட இடது இவ்வளவு குறைவு என்கிற ஒப்பீடு மட்டும்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஊசி போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும், ஒரே நாளில் திரும்பத் திரும்பவும் எடுக்க முடியாது. இரண்டாவது ஃபேஸ் கான்ட்ராஸ்ட்: கழுத்துக் குழாய்களில் ரத்தம் போகும் வேகத்தை அளந்து, மூளைக்கு மொத்தமாக எவ்வளவு போகிறது என்று சொல்லும், எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று சொல்லாது. மூன்றாவது ஏ.எஸ்.எல். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். ஃபேஸ் கான்ட்ராஸ்டைச் சரிபார்ப்பதற்குக் கடைசியில் கூப்பிட்டுக்கொள்வோம்.

உள்ளே நடப்பது என்ன

1992-இல் ஜான் டெட்ரே, டொனால்ட் வில்லியம்ஸ், ஆலன் கொரெட்ஸ்கி முதலானோர் எலியின் மூளையில் இதைச் செய்து காட்டினார்கள். யோசனை எளிமையானது. கழுத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கும் ரத்தத்தில் உள்ள தண்ணீரின் காந்தத் திசையை ரேடியோ அலையால் தலைகீழாகத் திருப்புங்கள். அந்த ரத்தம் மூளைத் திசுவுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்து ஒரு படம் எடுங்கள்: இது லேபிள் படம். அப்புறம் ரத்தத்தைத் திருப்பாமல் அதே மாதிரி இன்னொன்று: இது கன்ட்ரோல் படம். இரண்டையும் கழித்தால் அசையாத திசு எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது புதிதாக வந்து சேர்ந்த ரத்தம் மட்டும்.

கேட்க சுலபமாக இருக்கிறது, ஆனால் மிஞ்சுகிற அந்தச் சிக்னல் மொத்தத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். அதிலும் ஒரு அவசரம் இருக்கிறது. திருப்பிவிட்ட காந்தத் திசை நிலையாக நிற்காது, 3 டெஸ்லா மெஷினில் ரத்தத்தின் டி1 ஏறக்குறைய 1.65 விநாடி, அதாவது அந்த நேரத்துக்குள் அடையாளத்தில் 37 சதவீதம்தான் மிச்சம். வாய்க்கால் தலைப்பில் கலந்த சாயம் வயலுக்குப் போகும் வழியிலேயே வெளுத்துக்கொண்டே போகிற மாதிரி: சீக்கிரம் பார்த்தால் சாயம் இன்னும் வாய்க்காலிலேயே இருக்கும், தாமதமாகப் பார்த்தால் வயலில் வெறும் தண்ணீர்தான் தெரியும். ஏ.எஸ்.எல்லில் வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு இழுபறியிலிருந்துதான் பிறக்கின்றன.

லேபிள் போடுவதில் பல வகை இருந்தாலும், உங்கள் மெஷினில் பி.சி.ஏ.எஸ்.எல் (சூடோ கன்டினியுவஸ் ஏ.எஸ்.எல்) இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். ஒரு தளத்தைக் குறித்துவிட்டு, அதை ரத்தம் கடக்கும்போதெல்லாம் குட்டிக் குட்டி ரேடியோ துடிப்புகளால் விடாமல் திருப்பிக்கொண்டே இருக்கும் முறை அது. ஐ.எஸ்.எம்.ஆர்.எம் என்கிற சர்வதேச எம்.ஆர்.ஐ அமைப்பின் பெர்ஃப்யூஷன் (திசு ரத்த ஓட்ட) குழுவும் ஐரோப்பிய ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்றும் சேர்ந்து 2015-இல் அச்சிட்ட பொதுப் பரிந்துரை இதைத்தான் சொல்கிறது. கீழே நான் தருகிற அளவுகளில் பெரும்பாலானவை அதிலிருந்து வந்தவைதான், இன்றைக்கும் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

மேஜையில் படுக்க வைப்பதற்கு முன்

மூளை ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு நிமிடம் மாறக்கூடியது. காலையில் ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு வந்தால் போதும், காஃபின் மூளைக் குழாய்களைச் சுருக்கி ஓட்டத்தைக் கண்கூடாகக் குறைத்துவிடும். 250 மில்லிகிராம் காஃபினுக்கு 20 சதவீதத்துக்கு மேலேயே குறைவது அளந்து பார்த்த விஷயம். ஆகவே ஆராய்ச்சி என்றால் சில மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். நோயாளி என்றால் குடித்தாரா, எப்போது குடித்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள், அது போதும். பயந்து வேக வேகமாக மூச்சு விடுகிறவருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதோடு ஓட்டமும் விழும். இரண்டு நிமிடம் பேசி அமைதிப்படுத்துவது இங்கே வெறும் மரியாதைக்காக இல்லை, அளவைக் காப்பாற்றுகிற வேலை. தூங்கிவிட்டாரா, கண்ணை மூடியிருந்தாரா என்பதும் கணக்கில் சேரும்.

தலையை வைக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரிய கொண்டை போட்டவர்களுக்கு அது பின்னால் முட்டித் தலையை முன்பக்கம் தள்ளிவிடும், கழுத்து மடங்கும், குழாய்கள் கோணும், பத்து நிமிடத்தில் வலித்து அசைய ஆரம்பிப்பார்கள். கொண்டையை அவிழ்த்துக் கூந்தலை ஒரு பக்கமாக விட்டு, காதோரம் இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து இறுக்குங்கள். கழித்தல் கணக்கில் மிஞ்சுவதே 1 சதவீதம் என்பதால், மற்ற ஸ்கேன்களில் கண்டுகொள்ளாமல் விடுகிற சின்ன அசைவுகூட இங்கே படத்தைக் கெடுத்துவிடும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: ஹீமோகுளோபின் எவ்வளவு? ரத்த சோகை இருந்தால் ரத்தத்தின் டி1 நீளும், கணக்கே மாறும். 2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. அதனால் இது பாடப்புத்தகத்தின் ஓரக் குறிப்பு இல்லை, நம் ஊரில் மேஜையில் படுக்கிற பெண்களில் பாதிப் பேரின் விஷயம். கணக்குப் போடும்போது திரும்பவும் இதற்கு வருகிறேன்.

லேபிள் தளம்: அவசரப்படக் கூடாத இடம்

முழு ஸ்கேனில் டெக்னீஷியனின் கை நேரடியாகத் தெரிகிற இடம் இது. கழுத்தில் நான்கு குழாய்கள் மூளைக்குப் போகின்றன: முன்னால் இரண்டு உள் கரோட்டிட், பின்னால் இரண்டு வெர்டிப்ரல். தளம் இந்த நான்கையும் கிட்டத்தட்ட செங்குத்தாக வெட்ட வேண்டும், அதுவும் அவை நேராக ஏறுகிற இடத்தில். முன்கமிஷர்-பின்கமிஷர் கோட்டிலிருந்து (மூளையின் நடுவில் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு நரம்பிழைக் கட்டுகளை இணைத்துப் போடும் அளவுக்கோடு) சுமார் 8.5 சென்டிமீட்டர் கீழே என்பது பெரியவர்களுக்குப் பொதுவான ஆரம்பம். ஆனால் ஆளுக்கு ஆள் கழுத்து வேறு, ஆகவே கழுத்துக்கு ஒரு சின்ன ஆஞ்சியோ எடுத்து, அதன் மேல் தளத்தை வைத்துப் பார்ப்பதுதான் சரி. ஒரு நிமிட வேலை.

வெர்டிப்ரல் குழாய் முதல் கழுத்தெலும்பின் பக்கத்தில் வளைந்து, கிட்டத்தட்டப் படுக்கையாகத் திரும்பி, அப்புறம்தான் மண்டைக்குள் நுழைகிறது. தளம் அந்த வளைவில் விழுந்தால் ரத்தம் தளத்தை வெட்டாமல் அதோடு ஒட்டியே ஓடும், லேபிள் சரியாகப் பிடிக்காது, படத்தில் மூளையின் பின்பக்கமும் சிறுமூளையும் இருட்டாக வரும். பார்க்கிறவர் பின்பக்கக் குழாய் அடைப்பு என்று எழுதிவிடக்கூடும், ஒன்றுமே இல்லாதவருக்கு. பல் கிளிப், கட்டிய பல், கரோட்டிடில் வைத்த ஸ்டென்ட் இவை தளத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் இதே கதிதான், அங்கே காந்தப்புலம் கோணிக்கொள்ளும். தளத்தை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள், நகர்த்தியதை எழுதி வையுங்கள்.

நேரக் கணக்கு

லேபிளை 1800 மில்லி விநாடி போடுங்கள். போட்டு முடித்ததும் படம் எடுப்பதற்கு முன் காத்திருக்கும் நேரம், பி.எல்.டி என்பது, வயதைப் பொறுத்தது. 70-க்குக் கீழே ஆரோக்கியமானவர்களுக்கு 1800, அதற்கு மேற்பட்டவர்களுக்கும் பெரியவர்களில் நோயாளி என்று வருகிற எல்லோருக்கும் 2000, குழந்தைகளுக்கு 1500, பச்சிளம் குழந்தைகளுக்கு மறுபடி 2000. கரோட்டிட் அடைப்பு, மோயாமோயா (மூளையடிக் குழாய்கள் மெல்ல மெல்லக் குறுகும் நோய்) மாதிரியான நோய்களில் 2000-மும் போதாது, ரத்தம் சுற்று வழியில் நிதானமாக வந்துகொண்டிருக்கும். உங்கள் மெஷினில் வசதி இருந்தால் ஒரு முறை 1500-இலும் இன்னொரு முறை 2500-இலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: முதல் படத்தில் இருட்டாக இருந்த இடம் இரண்டாவதில் நிறைந்திருந்தால், அங்கே ரத்தம் வராமல் இல்லை, நேரம் கழித்து வருகிறது. நோயாளியின் சிகிச்சையையே மாற்றக்கூடிய வித்தியாசம் இது. பல பி.எல்.டி.களில் தொடர்ச்சியாக எடுக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது, ரத்தம் வந்துசேரும் நேரத்தையே தனிப் படமாகப் போட்டுவிடலாம்.

படம் எடுக்கும் முறையைப் பொறுத்தவரை, முப்பரிமாணமாகத் துண்டுபோட்டு எடுப்பதே மேல், அதோடு பின்னணிச் சிக்னலை அமுக்கும் துடிப்புகளை மறக்காமல் போடுங்கள். ஒரு புள்ளி 3 முதல் 4 மில்லிமீட்டர், தடிமன் 4 முதல் 8 வரை இருக்கட்டும். இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பழைய முறையில் இருபரிமாணமாக அடுக்கடுக்காக எடுக்கிறீர்கள் என்றால் ஒரு கண்ணி இருக்கிறது. கீழ் அடுக்கிலிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் தாமதமாக எடுக்கப்படுகிறது. அடுக்குக்கு 40 மில்லி விநாடி என்றால் 20-வது அடுக்கு முதல் அடுக்கைவிட 760 மில்லி விநாடி பிந்தி வரும். எல்லா அடுக்குக்கும் ஒரே பி.எல்.டி என்று கணக்குப் போட்டால் உச்சி மூளையின் ரத்த ஓட்டம் உண்மையில் இருப்பதில் 63 சதவீதம்தான் என்று காட்டும். நெற்றிக்கும் உச்சிக்கும் ரத்தம் குறைவு என்று ரிப்போர்ட் போகும், காரணம் வெறும் கணக்குப் பிழை.

எம் ஜீரோ எடுக்காமல் நோயாளியை இறக்காதீர்கள்

எண் வேண்டுமென்றால் அளவுகோல் வேண்டும். லேபிளும் இல்லாமல் பின்னணி அமுக்கமும் இல்லாமல், அதே கோணத்தில், அதே காயிலில், டி.ஆர் 5 விநாடிக்குக் குறையாமல் ஒரு படம் எடுப்பதுதான் எம் ஜீரோ. ஒரு நிமிடத்துக்குள் முடியும். இது இல்லாவிட்டால் நீங்கள் எடுத்த நான்கு நிமிட டேட்டா வெறும் வண்ணப் படம்தான், எண்ணாக மாறவே மாறாது. சில மெஷின்கள் கழித்த படத்தை உள்ளுக்குள்ளேயே ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிச் சேமிக்கும், எம் ஜீரோவைப் பெருக்காமல் விடும். முடிவு நம்பவே முடியாத அளவுக்குப் பெரிதாக வந்தால் முதலில் இதைச் சந்தேகப்பட்டு, கம்பெனியின் அப்ளிகேஷன் ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கணக்கு

கழித்த படத்தின் சிக்னலை எம் ஜீரோ சிக்னலால் வகுங்கள். அதை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கினால் ரத்த ஓட்டம் வந்துவிடும். அந்தப் பெருக்கு எண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள், அப்புறம் எந்த சாஃப்ட்வேர் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள்.

மேலே வைப்பது: 6000 (விநாடியை நிமிடமாகவும் கிராமை 100 கிராமாகவும் மாற்றுவதற்கு), அதை 0.9-ஆல் பெருக்க வேண்டும் (மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையே தண்ணீர் பங்கிட்டுக்கொள்ளும் விகிதம்), அதோடு காத்திருந்த நேரத்தில் வெளுத்துப்போனதை ஈடுகட்டும் மடங்கு. பி.எல்.டி 1.8, டி1 1.65 என்றால் அந்த மடங்கு ஏறக்குறைய 2.98. ஆக மேலே சுமார் 16,080. கீழே வைப்பது: 2, லேபிள் பிடிக்கும் திறன் 0.85, டி1 1.65, அப்புறம் 1.8 விநாடி லேபிளுக்கான 0.664, நான்கையும் பெருக்கினால் 1.86. மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் சுமார் 8630. ஆக, ஒரு இடத்தில் கழித்த சிக்னல் எம் ஜீரோவில் 0.7 சதவீதம் என்றால் அங்கே ரத்த ஓட்டம் 60.

இப்போது இதையே கொஞ்சம் அசைத்துப் பார்ப்போம். பின்னணி அமுக்கத் துடிப்பு ஒவ்வொன்றும் லேபிளில் 5 சதவீதம் அளவுக்குத் தின்றுவிடும். இரண்டு துடிப்பு இருந்து அதைக் கணக்கில் சேர்த்தால் 60 என்பது 67 ஆகும். ரத்த சோகை இருந்து டி1 உண்மையில் 1.8 விநாடி என்றால் அதே 60 என்பது 53 ஆகிவிடும். சோகை உள்ளவருக்கு ரத்த ஓட்டம் நிஜமாகவே கூடும், ஏனென்றால் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை மூளை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அதன் மேல் இந்தக் கணக்குப் பிழையும் அதே திசையில் ஏறி உட்கார்ந்தால் எது உடம்பு, எது பிழை என்று பிரிக்க முடியாது. அதனால்தான் ஹீமோகுளோபின் கேட்கச் சொன்னேன். 1.5 டெஸ்லா மெஷின் என்றால் டி1 1.35, அதை மாற்ற மறந்துவிடாதீர்கள்.

ஆராய்ச்சிக்கு நிறைய பேரை எடுக்கிறீர்கள் என்றால் எஃப்.எஸ்.எல் தொகுப்பில் வரும் பேசில், அல்லது எக்ஸ்ப்ளோர் ஏ.எஸ்.எல், ஏ.எஸ்.எல் பிரெப் மாதிரி இலவச சாஃப்ட்வேர்கள் இந்தக் கணக்கையும் அசைவுத் திருத்தத்தையும் சேர்த்தே செய்துகொடுக்கும். அளவுகளைச் சரியாகக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

வந்ததைப் பார்ப்பது

வண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலில் கழித்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். மூளையின் மேல்மடிப்புகள் பிரகாசமாக, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி மங்கலாக, நடுவில் நீர் நிற்கும் அறைகள் கறுப்பாக இருக்க வேண்டும். நீர் அறைகள் மின்னினாலோ, மண்டையோரத்தில் வளையம் மாதிரி வெளிச்சம் வந்தாலோ ஆள் அசைந்திருக்கிறார். மூளை முழுக்க எதிர்மறை எண் வந்தால் பயப்பட வேண்டாம், லேபிளையும் கன்ட்ரோலையும் வரிசை மாற்றிக் கழித்திருக்கிறீர்கள்.

புழு நெளிகிற மாதிரி பளிச்சென்ற கோடுகள், அதற்குப் பக்கத்திலேயே இருட்டு: ரத்தம் இன்னும் குழாய்க்குள்ளேயே நிற்கிறது, திசுவுக்குப் போகவில்லை. அந்த இடத்து எண்ணை ரத்த ஓட்டம் என்று எழுதாதீர்கள். ஆனால் அந்தக் கோடு வீண் இல்லை, மேலே எங்கோ குழாய் குறுகியிருக்கிறது என்று அதுவே சொல்கிறது. ஒரு குழாய்க்குச் சொந்தமான பகுதி முழுக்க, கோடு கிழித்தது போல் ஒரே சீராக இருட்டாக இருந்து, டிஃப்யூஷன் படமும் ஆஞ்சியோவும் சுத்தமாக இருந்தால், அந்தக் குழாயில் லேபிள் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு தளத்தை நகர்த்தி மறுபடி எடுங்கள். பெரிய சிரைக் குழாய்க்குள் பளிச்சென்ற சிக்னல் வந்தால் மட்டும் சாதாரணமாக விடாதீர்கள். அடையாளம் வெளுப்பதற்குள் ரத்தம் சிரைக்கு வந்துவிட்டது என்றால் திசுவைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் வந்திருக்கலாம், ஃபிஸ்டுலா (தமனி நேராகச் சிரையில் போய்ச் சேரும் கோளாறு) இருக்கிறதா என்று தேட வேண்டும்.

எண்ணுக்கு ஒரு தரைமட்டம் வேண்டுமே. செய்மோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் 1940-களில் சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை மூச்சில் கொடுத்து, தமனியிலும் கழுத்துச் சிரையிலும் ரத்தம் எடுத்துக் கணக்கிட்டது 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 54 மில்லிலிட்டர், மூளை முழுமைக்குமான சராசரியாக. இன்றைக்கும் அதைச் சுற்றித்தான் எல்லா அளவும் நிற்கிறது. சாம்பல் பகுதிக்கு 40 முதல் 100 வரை வந்தால் ஏற்கத்தக்கது, வெள்ளைப் பகுதி அதில் பாதிக்கும் கீழே இருக்கும். வெள்ளைப் பகுதிக்கு ரத்தம் மெதுவாகவும் குறைவாகவும் போவதால் அங்கே தனித்தனிப் புள்ளியின் எண்ணை நம்பி எதுவும் சொல்ல வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஃபேஸ் கான்ட்ராஸ்டைக் கூப்பிடுங்கள். அதே நான்கு குழாய்களைச் செங்குத்தாக வெட்டும் ஒரு அடுக்கு, வேக வரம்பு விநாடிக்கு 80 முதல் 100 சென்டிமீட்டர். நான்கின் ஓட்டத்தையும் கூட்டினால் நிமிடத்துக்கு 700 மில்லிலிட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். டி1 படத்திலிருந்து மூளையின் கன அளவு 1200 மில்லிலிட்டர் என்றால், அடர்த்தி 1.05 வைத்து எடை 1260 கிராம். வகுத்தால் 100 கிராமுக்கு 55 அல்லது 56. உங்கள் ஏ.எஸ்.எல் படத்தின் முழு மூளைச் சராசரி 50-ஐ ஒட்டி வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 30 என்று வந்தால் லேபிளோ எம் ஜீரோவோ எங்கேயோ ஒழுகுகிறது, திசுவைக் குறை சொல்வதற்கு முன் அதைத் தேடுங்கள்.

ரிப்போர்ட்டில் எண்ணோடு சேர்த்து லேபிள் வகை, லேபிள் நேரம், பி.எல்.டி, தளம் இருந்த உயரம், மெஷினின் காந்த வலிமை, ஹீமோகுளோபின், காபி குடித்தாரா என்பது, இத்தனையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மோயாமோயாவுக்கு அறுவை செய்தவர் ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் வேறு மெஷினில் எடுத்துக்கொண்டு வருவார். 42 என்பது 51 ஆகியிருக்கும். ஒட்டுப்போட்ட குழாய் வேலை செய்ததா, பி.எல்.டி மாறியதா என்று அந்த ஒரு வரியை வைத்துத்தான் சொல்ல முடியும்.